ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலை நிறுத்திப் படிப்பது எப்படி: டீபக்கர் வழியே டாஸ்க், க்யூ, மியூடெக்ஸ்

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்தபின், டர்பன் வட்டாரத்தில் பல வீடுகளின் முற்றத்தில் ஜோஜோ தொட்டியும் அதனருகே ஒரு சிறு பம்பும் வந்து அமர்ந்துவிட்டன. 2023இல் மின்வெட்டு உச்சத்திற்குப் போனபோது, மின்சாரம் வந்ததும் பம்பைத் தானே இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்யத் தொடங்கிய இளைஞர்களும் நம்மிடையே உண்டு. அத்தகைய பெட்டிக்குள் எஸ்டிஎம்32 போன்ற ஒரு சிப்பும், அதில் ஃப்ரீஆர்டிஓஎஸ் என்னும் நிகழ்நேர இயங்குதளமும் இருப்பது இன்று வழக்கமாகிவிட்டது. ரிச்சர்ட் பேரி 2003இல் தொடங்கிய இந்த இயங்குதளம் 2017 முதல் அமேசானின் பொறுப்பில் உள்ளது. மூலநிரல் முழுவதும் திறந்திருக்கிறது என்பதே நம் வேலைக்கு வேண்டிய செய்தி.

பெட்டி திடீரென்று உறைந்துவிட்டால், புதியவர்கள் உடனே செய்வது நிரலில் ஆங்காங்கே அச்சிடும் வரிகளைச் சேர்த்து மறுபடி ஏற்றிப் பார்ப்பதுதான். அது பல வேளைகளில் பிழையை இடம் மாற்றுமே தவிரக் காட்டாது, ஏனெனில் அச்சிடுவதற்கே நேரம் செலவாகிறது. நேரம் மாறினால் டாஸ்க்குகள், அதாவது இயங்குதளம் மாறிமாறி ஓடவிடும் தனித்தனி வேலைகள், ஒன்றையொன்று முந்தும் வரிசையும் மாறிவிடும். உறைந்த கெர்னலோ, அதாவது இயங்குதளத்தின் உட்கருவோ, எந்த டாஸ்க் எதற்காகக் காத்திருக்கிறது, அந்தப் பொருளை யார் வைத்திருக்கிறார் என்பதைத் தன் நினைவகத்தில் முழுமையாக எழுதி வைத்திருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்துகொள்வதற்கே இந்தக் கட்டுரை. சி மொழியும், ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் டீபக்கரான ஜிடிபியின் அடிப்படைக் கட்டளைகளும் தெரிந்திருந்தால் போதும். மூலநிரலில் உள்ள பெயர்களை ஒலிபெயர்த்து எழுதுகிறேன். பெரிய எழுத்து தொடங்கும் இடங்களில் இணைப்புக்கோடு இட்டிருக்கிறேன்.

இணைக்கும் முன் ஒரு பாதுகாப்பு

டீபக்கர் சிப்பின் மையத்தை நிறுத்துகிறதே தவிர, அதனோடு இணைந்து பம்பை இயக்கும் சுவிட்சான ரிலேயை நிறுத்துவதில்லை. பம்பு ஓடும் கணத்தில் நிறுத்தினால், தொட்டி வறண்டாலும் பம்பு ஓடிக்கொண்டே இருக்கும், ஏனெனில் அதை அணைக்க வேண்டிய நிரல் உறைந்து நிற்கிறது. ஆகவே மேசையில் சோதிக்கும்போது பம்பைக் கழற்றிவிட்டு, ரிலேயின் வெளியீட்டில் குறைந்த மின்னழுத்தத்தில் எரியும் ஒரு விளக்கை இணையுங்கள். நூக்ளியோ பலகைகளில் சிப்பைக் கணினியோடு இணைக்கும் எஸ்டி-லிங்க் போன்ற கருவிகளுக்கு மின் தனிமைப்பு கிடையாது. 230 வோல்ட் பகுதி பலகையோடு இணைந்திருக்கும் நிலையில் யூஎஸ்பி வடத்தைக் கணினியில் செருகுவது உங்கள் கணினிக்கு மட்டுமன்றி உங்களுக்கும் ஆபத்து.

காவல் டைமர், அதாவது வாட்ச்டாக், மற்றொரு தொல்லை. மையம் நின்றபின்னும் அது எண்ணிக்கொண்டே போய், நீங்கள் பட்டியலைப் படித்துக்கொண்டிருக்கையிலேயே சிப்பை மறுதொடக்கம் செய்துவிடும். எஸ்டிஎம்32இல் டிபிஜிஎம்சியு என்ற பதிவகத்தில், மையம் நிற்கும்போது வாட்ச்டாக்கையும் நிறுத்தும் பிட்டுகள் இருக்கின்றன. சோதனை நிரலின் தொடக்கத்திலேயே அவற்றை இயக்கிவிடுங்கள். கார்டெக்ஸ்-எம் மையத்தின் சிஸ்டிக் டைமர் மட்டும் மையத்தோடு சேர்ந்தே நின்றுவிடும் என்பதால், கெர்னலின் நேரக் கணக்கு நீங்கள் நிறுத்திய இடத்திலேயே நிற்கும்.

முதல் படி: நிரலைத் தொகுக்கும்போதே தயார் செய்தல்

டீபக் தகவலை முழு அளவில், அதாவது மூன்றாம் நிலையில், சேர்த்துத் தொகுக்க வேண்டும். நிரலை மேம்படுத்தும் (ஆப்டிமைசேஷன்) நிலையை டீபக்குக்கு உகந்த அளவில் வைக்க வேண்டும். ஃப்ரீஆர்டிஓஎஸ் அமைப்புக் கோப்பில் ட்ரேஸ் வசதியை இயக்கினால் ஒவ்வொரு க்யூவும், அதாவது டாஸ்க்குகள் செய்தி பரிமாறும் வரிசையும், தன் வகையைத் தானே குறித்து வைத்துக்கொள்ளும்: 0 என்றால் சாதாரண க்யூ, 1 மியூடெக்ஸ், 2 எண்ணும் செமஃபோர், 3 இருநிலைச் செமஃபோர், 4 மீள்நுழைவு மியூடெக்ஸ். மியூடெக்ஸ் என்பது ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க் மட்டுமே கையில் வைத்திருக்கக்கூடிய பூட்டு; செமஃபோர் என்பது டாஸ்க்குகளுக்கிடையே சைகை காட்டும் எண்ணி. ஃப்ரீஆர்டிஓஎஸ்ஸில் இவை அனைத்தும் உள்ளே ஒரே க்யூ அமைப்பால் ஆனவை. ஆகவே இந்த எண் இல்லாவிட்டால் எது எது என்று பிரித்தறியக் கூடுதல் உழைப்பு தேவைப்படும்.

ஸ்டாக் வழிதலைச் சோதிக்கும் வசதியை 2ஆம் முறையில் இயக்குங்கள். க்யூக்களையும் மியூடெக்ஸ்களையும் இயன்றவரை நிலையான நினைவகத்தில் உருவாக்குங்கள். ஹீப்பில் உருவானவற்றிற்குப் பெயர் இராது. நிலையாக உருவானவற்றின் முகவரியை ஜிடிபியிடம் கொடுத்தால் பெயரையே சொல்லிவிடும். இது சிறிய விஷயம்போலத் தோன்றினாலும், நள்ளிரவில் இருபது முகவரிகளைத் தாளில் எழுதி ஒப்பிடும் வேலையை மிச்சப்படுத்துவது இதுதான்.

இரண்டாம் படி: மறுதொடக்கம் இன்றி இணைதல்

பெரும்பாலான தொகுப்புச் சூழல்கள் டீபக் பொத்தானை அழுத்தியதும் நிரலை மறுபடி ஏற்றிச் சிப்பையும் மறுதொடக்கம் செய்கின்றன. அப்படிச் செய்தால் நீங்கள் பார்க்க வந்த நிலை அழிந்துவிடும். உறைந்த பெட்டியோடு இணையும்போது, ஏற்றுவதையும் மறுதொடக்கத்தையும் அமைப்பில் நிறுத்திவிட்டு, இணைவதை மட்டும் செய்யச் சொல்லுங்கள்.

சிப்பின் டீபக் கருவிக்கும் ஜிடிபிக்கும் இடையே பாலமாகும் ஓபன்ஓசிடி என்ற மென்பொருள் வழியே இணைந்தால், அதன் இலக்கு அமைப்பில் ஆர்டிஓஎஸ் வகையைத் தானாகக் கண்டறியும்படி குறிப்பிட்டு, ஜிடிபியை 3333ஆம் போர்ட்டில் இணைக்கலாம். ஓபன்ஓசிடி கெர்னலின் மாறிகளைத் தேடுவது ஜிடிபியிடம் கேட்டுத்தான். ஆகவே சிப்பில் இருக்கும் அதே நிரலைத் தொகுத்தபோது கிடைத்த எல்ஃப் கோப்பை ஜிடிபியில் முதலில் ஏற்றியிருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும் ஒரே ஒரு த்ரெட், அதாவது டாஸ்க், மட்டும் தெரிகிறது என்றால், பெரும்பாலும் காரணம் ஒன்றே: ஓபன்ஓசிடி எதிர்பார்க்கும் 'யுஎக்ஸ்-டாப்-யூஸ்ட்-பிரயாரிட்டி' என்ற மாறி இன்றைய கெர்னலில் இல்லை. அந்தப் பெயரில் உச்ச முன்னுரிமையின் எண்ணை, அதாவது முன்னுரிமை நிலைகளின் எண்ணிக்கையிலிருந்து ஒன்று குறைத்து, ஒரு மாறிலியாக உங்கள் நிரலில் சேர்த்து, லிங்கர் அதைக் கழித்துவிடாதபடி குறிப்பும் கொடுத்தால் எல்லா டாஸ்க்குகளும் வரிசையாக வந்து நிற்கும். ஓபன்ஓசிடியோடு வரும் ஒரு சிறு உதவிக் கோப்பிலும் இதே மாறி இருக்கிறது.

மூன்றாம் படி: டாஸ்க்கின் பதிவேட்டைப் படித்தல்

ஒவ்வொரு டாஸ்க்குக்கும் டிசிபி என்ற ஒரு பதிவேடு உண்டு. ஓடிக்கொண்டிருந்த டாஸ்க்கின் பதிவேட்டை 'பிஎக்ஸ்-கரண்ட்-டிசிபி' என்ற மாறி சுட்டுகிறது. அதை அச்சிட்டுப் பார்த்தால் முதலில் ஸ்டாக்கின் உச்சிச் சுட்டி, பிறகு இரண்டு பட்டியல் உறுப்புகள், முன்னுரிமை, ஸ்டாக்கின் தொடக்க முகவரி, பெயர் ஆகியவை வரும். அந்த இரண்டு பட்டியல் உறுப்புகள்தாம் நமக்கு உயிர்நாடி.

'எக்ஸ்-ஸ்டேட்-லிஸ்ட்-ஐட்டம்' என்பது, டாஸ்க் தயாராக இருக்கிறதா, நேரத்திற்காகக் காத்திருக்கிறதா, நிறுத்தப்பட்டதா என்று காட்டும் பட்டியலில் தொங்குகிறது. 'எக்ஸ்-ஈவென்ட்-லிஸ்ட்-ஐட்டம்' என்பது, டாஸ்க் ஏதேனும் ஒரு க்யூவிற்காகவோ மியூடெக்ஸிற்காகவோ காத்திருந்தால் அந்தப் பொருளின் பட்டியலில் தொங்குகிறது. ஒவ்வொன்றிலும் 'பிஎக்ஸ்-கன்டெய்னர்' என்ற சுட்டி, தான் எந்தப் பட்டியலில் இருக்கிறேன் என்பதைச் சொல்கிறது. பழைய பதிப்புகளில் இதன் பெயர் சற்று வேறுபடும்.

இங்கே புதியவர்கள் தவறாமல் தடுமாறும் ஓர் இடம் உண்டு. ஒரு டாஸ்க் கால வரம்பின்றிக் காத்திருந்தால், கெர்னல் அதை நிறுத்தப்பட்டவற்றின் பட்டியலிலேயே போட்டுவிடுகிறது. அதைப் பார்த்து, யாரோ அந்த டாஸ்க்கைக் கட்டளையிட்டு நிறுத்திவிட்டார்கள் என்று நிரல் முழுவதும் அந்தக் கட்டளையைத் தேடி அலைவது வீண். இரண்டாம் உறுப்பின் கன்டெய்னரைப் பாருங்கள்: அது வெறுமையாக இல்லையென்றால் டாஸ்க் ஒரு பொருளுக்காகக் காத்திருக்கிறது. அது வெறுமையாக இருந்தாலும், டாஸ்க்கின் அறிவிப்பு நிலை 1 என்றிருந்தால் அது ஓர் அறிவிப்புக்காகக் காத்திருக்கிறது. இரண்டும் இல்லையென்றால்தான் உண்மையாகவே நிறுத்தப்பட்டது.

பட்டியலை முழுமையாக நடந்து பார்க்க, அதன் இறுதி உறுப்பின் அடுத்த சுட்டியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு உறுப்பின் 'பிவி-ஓனர்' காட்டும் டிசிபியைப் படித்தபடி, மறுபடி இறுதி உறுப்பையே வந்தடையும் வரை செல்லுங்கள். தாமதப் பட்டியலில் ஒவ்வோர் உறுப்பின் மதிப்பும் அந்த டாஸ்க் விழிக்க வேண்டிய டிக் எண்ணாகும்; டிக் என்பது கெர்னலின் நேர எண்ணியின் ஒரு துடிப்பு. தாமதப் பட்டியல்கள் இரண்டு இருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம். 32 பிட் டிக் எண்ணி, நொடிக்கு 1000 டிக் என்ற கணக்கில் 49 நாள்களுக்குச் சற்று மேல் ஓடியதும் மறுபடி பூஜ்யத்திற்கு வரும். அந்த எல்லையைத் தாண்டி விழிக்க வேண்டியவை இரண்டாவது பட்டியலில் இருக்கும். எண்ணி நிரம்புவது என்றால் என்ன என்பதைத் தென்னாப்பிரிக்காவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை: முன்பணம் செலுத்தும் மின்மீட்டர்களில் 1993 முதல் நிமிடங்களை எண்ணிய 24 பிட் எண் 2024 நவம்பர் 24 அன்று நிரம்பவிருந்ததால்தான், வீட்டுக்கு வீடு இரண்டு 20 இலக்க எண்களை மீட்டரில் அழுத்த வேண்டியிருந்தது.

சற்று ஓடவிட்டு மறுபடி நிறுத்தியும் நிகழ்கால டிக் எண் மாறாமலே இருந்தால், டிக் குறுக்கீடு ஓடவில்லை, அல்லது கெர்னல் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. 'யுஎக்ஸ்-ஷெட்யூலர்-சஸ்பெண்டட்' என்ற எண்ணைப் பாருங்கள். அது பூஜ்யமாக இல்லையென்றால், கெர்னல் ஏதோ ஒரு பட்டியலைத் திருத்திக்கொண்டிருக்கும் நடுவே நீங்கள் நிறுத்தியிருக்கலாம். சற்று ஓடவிட்டு மறுபடி நிறுத்துங்கள். மூன்று முறை நிறுத்தியும் அதே இடத்தில் அதே எண் என்றால், எந்த டாஸ்க் ஓடுவது என்று முடிவு செய்யும் ஷெட்யூலரை யாரோ நிறுத்திவிட்டுத் திரும்ப இயக்க மறந்திருக்கிறார்கள்.

நான்காம் படி: ஒரு முழு உறைவைப் பிரித்துப் பார்த்தல்

எடுத்துக்காட்டுக்காக மேற்சொன்ன தொட்டிப் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். அதில் நான்கு டாஸ்க்குகள்: மோட்டார், முன்னுரிமை 3, நீரளவி, முன்னுரிமை 2, திரை, பதிவு ஆகிய இரண்டும் முன்னுரிமை 1. நீர்மட்ட உணரியும் சிறு திரையும் ஒரே ஐ2சி கம்பிகளில் இருப்பதால், அவற்றைக் காக்க ஒரு மியூடெக்ஸ் உண்டு. பொத்தான் அழுத்தங்களைத் திரை டாஸ்க் மோட்டாரின் க்யூவிற்கு அனுப்புகிறது; அந்த க்யூவில் நான்கு செய்திகளுக்கு இடமுண்டு. மென்பொருள் டைமர்கள் இல்லை. குறை இதுதான்: மின்சாரம் வந்தபின் சில வேளைகளில் பம்பு எழுவதேயில்லை, திரையும் உறைந்து நிற்கிறது.

நிறுத்தியதும் ஓடிக்கொண்டிருப்பது, வேறு யாருக்கும் வேலை இல்லாதபோது ஓடும் ஐடில் டாஸ்க் என்று தெரிகிறது. இதுவே பெரிய செய்தி, ஏனெனில் நிரல் எங்கும் சுழன்றுகொண்டிருக்கவில்லை, எல்லாரும் காத்திருக்கிறார்கள். தாமதப் பட்டியலில் பதிவு டாஸ்க் மட்டும் உள்ளது. நிறுத்தப்பட்டவற்றின் பட்டியலில் மற்ற மூன்றும் இருக்கின்றன. மூன்றின் இரண்டாம் கன்டெய்னரும் வெறுமையாக இல்லை.

மோட்டாரின் கன்டெய்னரில் உள்ள முகவரியை எடுத்துக்கொள்ளுங்கள். அது க்யூ அமைப்பின் உள்ளே இருக்கும் ஒரு பட்டியலின் முகவரி. க்யூ அமைப்பை ஜிடிபியில் பி-டைப் கட்டளையின் ஓ தெரிவோடு அச்சிட்டால், ஒவ்வோர் உறுப்பும் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட் தள்ளி இருக்கிறது என்பதும் தெரியும். வழக்கமான 32 பிட் அமைப்பில், அனுப்பக் காத்திருப்போர் பட்டியல் 16ஆம் பைட்டிலும், பெறக் காத்திருப்போர் பட்டியல் 36ஆம் பைட்டிலும் தொடங்கும். பட்டியல் சரிபார்ப்பு வசதியை இயக்கியிருந்தால் இவை மாறும் என்பதால் ஜிடிபி சொல்வதையே நம்புங்கள். நம் பொருள்கள் நிலையான நினைவகத்தில் இருப்பதால், அந்த முகவரிக்குரிய பெயரைக் கேட்டதும், ஐ2சி மியூடெக்ஸின் பெயரும் கூடவே 36 என்ற எண்ணும் வருகின்றன. அதாவது மோட்டார் அந்த மியூடெக்ஸைப் பெறக் காத்திருக்கிறது. நீரளவிக்கும் அதே விடை.

இப்போது மியூடெக்ஸையே அச்சிடுங்கள். உறுப்பின் அளவு பூஜ்யம், தலைச் சுட்டி வெறுமை; இவை இரண்டும் சேர்ந்தால் அது மியூடெக்ஸ்தான். கிடைக்கக்கூடிய எண்ணிக்கை பூஜ்யம், பெறக் காத்திருப்போர் இரண்டு. 'எக்ஸ்-மியூடெக்ஸ்-ஹோல்டர்' என்ற இடத்திலுள்ள முகவரியை டிசிபியாக மாற்றி அச்சிட்டால், அதில் வரும் பெயர் திரை. இருநிலைச் செமஃபோராக இருந்தால் இந்த இடத்தைப் படிப்பதில் பொருளில்லை, ஏனெனில் அதற்கு உரிமையாளரே கிடையாது. அதே நினைவகம் அங்கே வேறு சுட்டிகளுக்குப் பயன்படுகிறது. ஒரு சாதனத்தைக் காக்க மியூடெக்ஸை விட்டுவிட்டுச் செமஃபோரைப் பயன்படுத்துவதை நான் எப்போதும் தடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: குற்றவாளியின் பெயர் பதிவாவதில்லை.

திரையின் டிசிபியில் இன்னொன்றும் தெரிகிறது. அதன் அடிப்படை முன்னுரிமை 1, ஆனால் நடப்பு முன்னுரிமை 3. உயர்ந்த முன்னுரிமை கொண்ட ஒருவர் தன் மியூடெக்ஸிற்காகக் காத்திருப்பதால், கெர்னல் அந்த முன்னுரிமையைத் திரைக்கு இரவல் கொடுத்திருக்கிறது. இந்த இரவல் இல்லாமற்போனதன் விளைவு 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தில் தெரிந்தது: விஎக்ஸ்வொர்க்ஸ் இயங்குதளத்தில் முன்னுரிமை இரவல் அணைக்கப்பட்ட ஒரு மியூடெக்ஸைக் கீழ்நிலை டாஸ்க் பிடித்திருக்க, இடைநிலை டாஸ்க்குகள் அதை ஓடவிடாமல் முந்த, மேல்நிலை டாஸ்க் குறித்த நேரத்தில் முடியாமல் கணினி மீண்டும் மீண்டும் மறுதொடக்கம் ஆனது, பூமியிலிருந்து அந்த இரவலை இயக்கியபின்னரே சீரானது. நம் பெட்டியில் இரவல் சரியாகவே வேலை செய்கிறது. ஆனாலும் காத்திருக்கும் ஒருவருக்கு எவ்வளவு முன்னுரிமை கொடுத்தும் பயனில்லை.

திரை எதற்காகக் காத்திருக்கிறது? அதன் கன்டெய்னர், மோட்டார் க்யூவின் 16ஆம் பைட்டைச் சுட்டுகிறது: அனுப்பக் காத்திருப்போர் பட்டியல். க்யூவின் கொள்ளளவு 4, உள்ளே இருப்பவையும் 4. வட்டம் மூடிவிட்டது. மின்சாரம் வந்ததும் மோட்டார் டாஸ்க் சில நொடிகள் பொறுத்திருக்கிறது. அந்த இடைவெளியில் பொறுமையிழந்த ஒருவர் பொத்தானை ஐந்து முறை அழுத்துகிறார். நான்கு செய்திகள் க்யூவை நிரப்ப, ஐந்தாவதை அனுப்பும் இடத்தில் திரை டாஸ்க் மியூடெக்ஸைக் கையில் வைத்தபடியே நின்றுவிடுகிறது. விழித்த மோட்டார், க்யூவைத் திறப்பதற்கு முன் உணரியைப் படிக்க அதே மியூடெக்ஸைக் கேட்கிறது.

ஜிடிபியில் டாஸ்க்குகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்து அழைப்புத் தொடரைப் பார்த்தால் இது உறுதியாகும்: மோட்டாரின் தொடரில் செமஃபோர் எடுக்கும் செயலியும் (அதாவது ஃபங்ஷனும்), திரையின் தொடரில் க்யூவில் அனுப்பும் செயலியும் நிற்கும்.

த்ரெட் பட்டியலே கிடைக்காதபோது

சில கருவிகளில் டாஸ்க் வாரியாக அழைப்புத் தொடர் கிடைக்காது. அப்போதும் கையால் கண்டறியலாம். கார்டெக்ஸ்-எம்3 மையத்தில், ஓடாத டாஸ்க்கின் ஸ்டாக் உச்சியிலிருந்து முதல் எட்டுச் சொற்கள் ஆர்4 முதல் ஆர்11 வரையானவை; அடுத்த எட்டைக் குறுக்கீட்டின்போது வன்பொருளே சேமிக்கிறது. பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 13ஆவது சொல் திரும்பும் முகவரி, 14ஆவது சொல் நின்ற இடத்தின் முகவரி. எம்4 மையத்தின் மிதவைப்புள்ளி வசதியுள்ள பதிப்பில் கூடுதலாக ஒரு சொல் சேமிக்கப்படுவதால் இவை ஒன்று தள்ளிப்போகும். டாஸ்க் மிதவைப்புள்ளிக் கணக்கு செய்திருந்தால் இன்னும் 16 சொற்கள் தள்ளும். அந்த முகவரிக்குரிய மூலநிரல் வரியை ஜிடிபியிடம் கேட்டால் கிடைத்துவிடும்.

ஸ்டாக்கில் எவ்வளவு மிச்சம் என்பதையும் அப்படியே பார்க்கலாம். டாஸ்க்கை உருவாக்கும்போது கெர்னல் அதன் ஸ்டாக் முழுவதையும் பதினாறடிமான எண்ணான ஏ5 கொண்டு நிரப்புகிறது. ஸ்டாக்கின் தொடக்க முகவரியிலிருந்து நினைவகத்தை அச்சிட்டு, அந்த ஏ5 எவ்வளவு தூரம் கலையாமல் இருக்கிறது என்று எண்ணுங்கள். முதல் 16 பைட்டிலேயே கலைந்திருந்தால் மற்ற எதையும் நம்பாதீர்கள், பட்டியல்களே சிதைந்திருக்கலாம்.

வேறு இயங்குதளம் என்றால் பெயர்கள்தாம் மாறும். செஃபிரில் த்ரெட் தகவலை டீபக்கருக்குத் தரும் அமைப்பைத் தொகுக்கும்போதே இயக்க வேண்டும். த்ரெட்எக்ஸில் ஒவ்வொரு பொருளின் பதிவேடும் அதன் வகையைச் சொல்லும் நான்கெழுத்து அடையாளத்தோடு தொடங்குவதால், நினைவகச் சிதைவைக் கண்டுபிடிப்பது அங்கே எளிது.

ஐந்தாம் படி: திருத்தியதைச் சரிபார்த்தல்

திருத்தம் சிறியது: திரை டாஸ்க் முதலில் மியூடெக்ஸை விடுவித்துவிட்டு அதன்பின் க்யூவிற்கு அனுப்ப வேண்டும், அனுப்பும்போதும் கால வரம்பு வைத்து, இடமில்லையென்றால் அந்த அழுத்தத்தைக் கைவிட வேண்டும். பொத்தானை ஐந்தாறு முறை அழுத்திப் பார்த்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று முடிவுகட்டுவதை நான் ஏற்க மாட்டேன், ஏனெனில் இதே தவறு நிரலின் வேறு மூலையிலும் இருக்கலாம்.

க்யூவில் அனுப்பும் செயலியான 'எக்ஸ்-க்யூ-ஜெனரிக்-சென்ட்' மீது நிபந்தனையோடு ஒரு பிரேக்பாயின்ட் வையுங்கள். நிபந்தனை இரண்டு பகுதி கொண்டது: நடப்பு டாஸ்க்கின் டிசிபியில் 'யுஎக்ஸ்-மியூடெக்ஸஸ்-ஹெல்ட்' பூஜ்யத்தைவிடப் பெரியது, காத்திருக்கும் டிக் அளவும் பூஜ்யத்தைவிடப் பெரியது. இரண்டாம் பகுதியை விட்டுவிடாதீர்கள், ஏனெனில் மியூடெக்ஸைத் திருப்பிக் கொடுப்பதும் உள்ளே இதே செயலியைத்தான் அழைக்கிறது. அப்போது காத்திருப்பு எப்போதும் பூஜ்யம். இப்படி வைத்துவிட்டுப் பெட்டியின் எல்லாப் பொத்தான்களையும் அழுத்திப் பாருங்கள். டீபக்கர் எங்கே நின்றாலும், அங்கே ஒருவர் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொருவருக்காகக் காத்திருக்க முனைகிறார் என்று பொருள். ஒவ்வோர் அழைப்பிலும் மையம் நின்று நிபந்தனையைச் சரிபார்த்துச் செல்வதால் பெட்டி மெதுவாகவே ஓடும். நேரம் சார்ந்த சோதனைகளைத் தொடங்கும் முன் இந்தப் பிரேக்பாயின்ட்டை நீக்கிவிடுங்கள்.